இரண்டு மணிக் கையெழுத்து

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பொங்குவதற்கு ஒரு நொடி முன்னால் வந்து நிற்பதுதான் பெரியவளின் வழக்கம். அன்று காலை அவள் கூடத்து மேசை முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

மேசைமேல் ஆஸ்பத்திரி பில் நான்கு தாளாக விரிந்து கிடந்தது. எதிரே கொழுந்தனின் மனைவி சின்னவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கையில் சிவப்புப் பேனா இருந்தால் அவளுக்கு எந்தத் தாளைப் பார்த்தாலும் திருத்தத் தோன்றும்.

"அக்கா... இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க. 'தனி உதவியாளர் சேவை, நூத்தி முப்பத்திரண்டு முறை.' அறை வாடகைக்கு அடுத்து இதுதான் பெரிய தொகை. யாரு அந்த உதவியாளர்?"

பெரியவள் பில்லை எட்டிப் பார்த்தாள். "தெரியலையேம்மா..."

"தெரியலையா! பதினோரு நாளும் நீங்கதானே அத்தைகூட இருந்தீங்க? நானே திருப்பிப் படுக்க வச்சேன், நானே துடைச்சு விட்டேன்னு சொன்னீங்க. நாங்களும் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டோம். ஆள் வச்சுப் பார்த்துட்டு, பேரு மட்டும் உங்களுக்கா?"

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அனுப்பும் நாளில் பில்லைப் படிக்க யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை அந்த ஆஸ்பத்திரி. வாசலில் வண்டி நிற்கிறது, சீக்கிரம், அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேண்டும் என்று விரட்டிய விரட்டில், கேட்ட தொகையைக் கொழுந்தன் மறுபேச்சில்லாமல் கட்டிவிட்டான். அவன் இரண்டு சக்கர வண்டி மெக்கானிக். ஆறு வருடமாக இன்னொருவரிடம் கைகட்டி வேலை பார்த்து, சொந்தமாக ஒரு ஒர்க்ஷாப் போட அவன் சேர்த்து வைத்திருந்த முன்பணம் அது.

அவன் ஒன்றும் பேசாமல் சுவரோரம் நின்றான். பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பெரியவளுக்கு.

"மெதுவாப் பேசுங்க. அம்மா காதுல விழப்போகுது" என்றார் அவள் கணவர். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. சத்தமே பிடிக்காத மனிதர். பில்லை எடுத்துக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு, மனைவியைப் பார்க்காமல் தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"உண்மையைச் சொல்லு. முடியாம ஆள் ஏதும் வச்சியா? வச்சிருந்தா தப்பில்ல... சொல்லியிருக்கலாம்."

பதினாலு வருடம் கூட வாழ்ந்த மனிதர். 'என் மனைவி அப்படிச் செய்யமாட்டாள்' என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடம் அவருக்குக் கிடைக்கவில்லை!

பெரியவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நூற்று முப்பத்திரண்டு என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிப் படுக்க வைத்து, கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப் புண் வந்துவிடும். ஒரு மாடி முழுக்க இரண்டே நர்ஸ்கள். முதல் நாளே அவர்களில் ஒருத்தி, "அக்கா, நீங்கதான் அழகாத் திருப்புறீங்களே. அப்படியே அட்டைலயும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள். ஓடி ஓடிக் கால் வீங்கியிருந்த பெண். பாவமாக இருந்தது. போட்டாள். நாளுக்குப் பன்னிரண்டு, பதினோரு நாளுக்கு நூற்று முப்பத்திரண்டு. கட்டத்தின் தலையில் 'உதவியாளர்' என்று அச்சடித்திருந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் செய்த வேலைக்கு அவள் வீட்டிலேயே பணம் வாங்கியிருக்கிறார்கள்!

இதைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும். 'நூற்று முப்பத்திரண்டு தடவையும் நீங்கள்தான் செய்தீர்களா?' என்று கணக்கு டீச்சர் கேட்காமல் விடமாட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் பெரியவள் பயந்தாள். அவளால் ஆமாம் என்று சொல்ல முடியாது. சமையலறைக்குள் போய், அடுப்பில் வழிந்து கருகிய பாலைத் துடைக்க ஆரம்பித்தாள். கண்ணீர் வந்ததும் அதையும் சேர்த்துத் துடைத்தாள்.

"பாருங்க! பதில் சொல்லாம போறாங்க!" என்ற சின்னவளின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

உள்ளறையிலிருந்து எவர்சில்வர் டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தம். மாமியார் கூப்பிடுகிறாள் என்று அர்த்தம். நால்வரும் போய் நின்றார்கள்.

"இன்னிக்குத் தையல் பிரிக்கப் போகணும்ல?" என்றாள் மாமியார்.

"ஆமாம்மா. பத்து மணிக்கு."

"எல்லாரும் வாங்க. அந்தப் பில்லையும் எடுத்துக்குங்க. எனக்கு முறிஞ்சது இடுப்புதான்... காது இல்ல."

*

ஆஸ்பத்திரியின் முன்கூடம் கண்ணாடியும் பளிங்குமாகப் பளபளத்தது. உட்காரப் பதினாறு நாற்காலிகள், காத்திருக்க அறுபது பேர். 'உங்கள் புன்னகையே எங்கள் மகிழ்ச்சி' என்று சுவரில் எழுதியிருந்தது. அதன் கீழே நின்ற யாரும் புன்னகைத்ததாகத் தெரியவில்லை.

தையலைப் பிரிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பில்லைப் பற்றிக் கேட்க இரண்டு மணி நேரம். மூன்றாம் ஜன்னலில் கேட்டால் விசாரணைக்குப் போகச் சொன்னார்கள். விசாரணையில் இரண்டாம் மாடி என்றார்கள். இரண்டாம் மாடியில், பணம் கட்டிய ஜன்னலில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். மறுபடி மூன்றாம் ஜன்னல். அதற்குள் டோக்கன் எண் மாறிவிட்டதாம்! கொழுந்தன் புதுச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அண்ணியின் முகத்தை அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவளும் சக்கர நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மாமியாரின் இடுப்புக்குக் கீழே, துணிக்கடியில், ஒரு பொத்தான் அளவுக்குப் புண் இருக்கிறது. தினமும் மூன்று வேளை பெரியவள்தான் மருந்து தடவுகிறாள். அந்தப் புண் எந்த நாளில், எந்த மணிக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் மூன்றாம் ஜன்னல்காரர் வாயைத் திறந்தார். கண் மட்டும் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை.

"சிஸ்டத்துல இருக்கு சார். சர்வீஸ் குடுத்திருக்கோம்."

"யாரு குடுத்தா?" என்றார் கணவர்.

"அட்டெண்டர். சிஸ்டத்துல இருக்கு."

"பேரு?"

"பேரெல்லாம் சிஸ்டத்துல வராது."

அப்போது நாற்காலியில் இருந்த மாமியார் குரலை உயர்த்தினாள். "ஏம்ப்பா! என்னை நூத்தி முப்பத்திரண்டு தடவை புரட்டிப் போட்ட மகராசி யாரு? வரச் சொல்லு. நேர்ல பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன். பதினோரு நாள் என் உடம்பத் தொட்டவ முகம் எனக்கே தெரியாம எப்படிப் போகும்?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். ஜன்னல்காரர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். அங்கே இங்கே போன் செய்தார். இருபது நிமிடம் கழித்து, மாடியிலிருந்து ஒரு நர்ஸ் கோப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். அட்டையில் கையெழுத்துப் போடச் சொன்ன பெண். பெரியவளைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

அட்டைகள் ஜன்னல் மேடைமேல் பரப்பப்பட்டன. பதினோரு அட்டை. கட்டம் கட்டமாக ஒரே கையெழுத்து.

"இதோ பாருங்க. அட்டெண்டர் கட்டத்துல கையெழுத்து இருக்கு. ஒரு கையெழுத்துக்கு ஒரு சார்ஜ்" என்றார் ஜன்னல்காரர் வெற்றியோடு.

கணவர் குனிந்தார். ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுத்தைப் பார்த்தே பிழைத்தவர் அவர். அந்தக் கையெழுத்தின் கடைசியில் ஒரு சுழி, கீழே இறங்கி மறுபடி மேலே வரும். பதினாலு வருடமாகப் பால் கணக்கிலும், சலவைச் சீட்டிலும், பிள்ளையின் பள்ளி அட்டையிலும் அவர் பார்த்த சுழி. காலை ஆறு மணிக் கட்டத்தில் அது நேராக இருந்தது. நள்ளிரவுக் கட்டங்களில் தள்ளாடியது. ஏழாம் எட்டாம் நாளில் கோட்டைத் தாண்டி வெளியே விழுந்தது.

"இது..." ஓர் அட்டையைக் கையில் எடுத்தார். "இது என் வீட்டுக்காரி கையெழுத்து."

சின்னவள் வேறோர் அட்டையை இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. சிவப்புப் பேனா கைப்பையிலேயே கிடந்தது.

"ஏம்மா... நீங்களா ஏன் இந்தக் கட்டத்துல போட்டீங்க? யாரு போடச் சொன்னது?" என்றார் ஜன்னல்காரர்.

பெரியவள் நர்ஸைப் பார்த்தாள். அந்தப் பெண் கோப்பின் விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன். கட்டத்தைச் சரியாப் பார்க்கல..."

"இல்ல சார்." நர்ஸின் குரல் மெலிதாக வந்தது. "நான்தான் போடச் சொன்னேன். அன்னிக்கு மாடில முப்பத்தாறு பேஷண்ட், நாங்க ரெண்டு பேர். அட்டெண்டர்னு யாருமே கிடையாது சார்... மூணு மாசமா கிடையாது. உங்களுக்கும் தெரியும்."

ஜன்னல்காரர் இருமினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குத் திடீரென்று அவசரம் வந்துவிட்டது.

"சரி சரி, பெருசு பண்ண வேண்டாம். ஒரு லெட்டர் குடுங்க, ரத்து பண்ணிடறேன். 'மேற்படி நூற்று முப்பத்திரண்டு முறையும் நோயாளியின் உறவினராகிய நானே செய்தேன்.' அவ்வளவுதான். கீழ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

தாளும் பேனாவும் ஜன்னல் வழியே வந்தன. கொழுந்தன் முகத்தில் உயிர் வந்தது. "போடுங்க அண்ணி!" என்றான். அன்று அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

பெரியவள் பேனாவைக் கையில் எடுத்தாள். தாளில் வைத்தாள். நூற்று முப்பத்திரண்டு தடவை தடங்கலில்லாமல் ஓடிய கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன அக்கா... போடுங்க!"

"நான்... நான் நூத்தி முப்பத்தொண்ணுதான் செஞ்சேன்."

"என்ன?"

"ஏழாம் நாள்... மத்தியானம் ரெண்டு மணி. அத்தையைத் திருப்பணும். கட்டில் கம்பில தலைய வச்சேன்... ஒரே ஒரு நிமிஷம்னுதான் வச்சேன். கண்ணைத் திறந்தா மணி நாலு. பயந்து போயிட்டேன். நாலு மணிக்குத் திருப்பிட்டு, ரெண்டு மணிக் கட்டத்துலயும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுட்டேன். பொய்க் கையெழுத்து! மறுநாள் பார்த்தா இடுப்புக்குக் கீழ செவந்து கிடந்துச்சு. அந்தப் புண்ணு... நான் குடுத்ததுதான். டாக்டர் கேட்டப்பகூட வாயத் திறக்கல. தினம் மருந்து போடறப்பல்லாம் நெனைப்பேன்... இன்னிக்குச் சொல்லிடலாம், இன்னிக்குச் சொல்லிடலாம்னு... அதான் காலைல நீ கேட்டப்ப பதில் வரலம்மா. ஒண்ணு பொய்யா இருக்கறப்ப மிச்சத்தை எந்த வாயால சொல்லுவேன்!"

பேனாவை மேடைமேல் வைத்துவிட்டு, மாமியாரின் காலடியில் அப்படியே உட்கார்ந்தாள். அறுபது பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"என்னை மன்னிச்சிடுங்க அத்தை..."

மாமியார் குனிய முடியாமல் குனிந்து, மருமகளின் தலையில் கை வைத்தாள்.

"எழுந்திரு பெரியவளே. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு மணிக்கே முழிப்பு வந்துடுச்சு. வலி... உயிர் போற வலி. கூப்பிடலாம்னு வாயைத் திறந்தேன். நீ கம்பில தலைய வச்சுக் கிடந்த. வாய் லேசாத் திறந்து, கைல துண்டைப் பிடிச்ச பிடி விடாம. ஏழு நாளா நீ படுத்து நான் பார்க்கல. கூப்பிடல... பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் அப்படியே கிடந்தேன். அந்தப் புண்ணு நீ குடுத்ததில்ல. நானா வாங்கிக்கிட்டது."

"அத்தை!"

"அழாதே. அழ வேண்டியவ நான். இந்த வீட்டுக்கு நீ வந்த நாள்லருந்து உன்னை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. படிச்சவ, சம்பாதிக்கறவன்னு சின்னவளைத் தூக்கி வச்சுப் பேசினேன். உன்னைத் தண்ணி எடுத்து வர மட்டும் கூப்பிட்டேன். அந்த ரெண்டு மணி நேரம் உன் முகத்தையே பார்த்துக்கிட்டுக் கிடந்தப்பதான் உறைச்சுது. வீட்டுக்கு வந்தும் சொல்லல பாரு... வெக்கம். கிழவிக்கு வெக்கம்! காலைல இவங்க உன்னைக் குத்திப் பேசினதுக்கு நானும்தான் காரணம்."

சின்னவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "நான் பதினோரு நாள்ல ரெண்டு தடவைதான் வந்தேன் அக்கா... பரீட்சை, பேப்பர் திருத்தணும்னு சொல்லிக்கிட்டு. எனக்கே உள்ளுக்குள்ள உறுத்துச்சு. பில்லுல 'உதவியாளர்'னு பார்த்ததும்... அப்பாடா, இவங்களும் ஒண்ணும் செய்யலன்னு இருந்துச்சு. அதான் அந்தத் துள்ளு துள்ளினேன்... என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க அக்கா!"

பெரியவள் திட்டவில்லை. எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரில் யார் யாரைத் தேற்றினார்கள் என்று சொல்ல முடியாது.

கணவர் மட்டும் தள்ளி நின்றார். அட்டையை இன்னும் கையில் வைத்திருந்தார். "சுழியைப் பார்த்தாத்தான் நம்புவேன்னு நின்னுட்டேன்..." என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல. "காலைலயே உன் முகத்தைப் பார்த்திருக்கணும்." பெரியவள் அவர் கையிலிருந்த அட்டையை மெல்ல வாங்கி மேடைமேல் வைத்தாள். மன்னித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே தனக்குத் தகும் என்று விட்டுவிட்டார்.

"ஏம்மா, லெட்டரை இப்ப எப்படி எழுதறது?" என்றார் ஜன்னல்காரர். அவருக்கு அவர் கவலை.

"நூத்தி முப்பத்தொண்ணுன்னு எழுதுங்க" என்றாள் பெரியவள் உறுதியாக.

"அப்ப மிச்சம் ஒண்ணு சிஸ்டத்துல நிக்குமே! அதை ரத்து பண்ண முடியாது."

"நிக்கட்டும்" என்றாள் மாமியார். "அந்த ஒண்ணுக்கு மட்டும் பணத்தைப் பிடிச்சுக்க."

அப்படியே பிடித்துக்கொண்டார்கள். நூற்று முப்பத்திரண்டு வேலையில் யாருமே செய்யாத அந்த ஒரு வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டு, மீதி பதினைந்து நாளில் வந்து சேரும் என்று முத்திரை குத்திச் சீட்டுக் கொடுத்தது அந்த ஆஸ்பத்திரி. ஒர்க்ஷாப்புக்கு இடம் தருகிறவர் பதினைந்து நாள் பொறுப்பார் என்றான் கொழுந்தன். சொல்லும்போதே சிரித்துவிட்டான். அழுத முகத்தோடு எல்லோரும் சிரித்தார்கள்.

*

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. மாமியாரைப் படுக்க வைத்துவிட்டு, பெரியவள் வழக்கம்போலக் கட்டிலருகே நாற்காலியை இழுத்தாள். சின்னவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போய்ப் படுங்க அக்கா. ரெண்டு மணிக்கு நான் திருப்பறேன்."

"உனக்குப் பழக்கமில்லம்மா. முழங்காலுக்கு நடுவுல தலையணை வைக்கணும், தோளையும் இடுப்பையும் ஒண்ணாப் பிடிச்சு..."

"அத்தை சொல்லித் தருவாங்க. நீங்க போங்க!"

படுத்தாள். தூக்கம் வராது என்றுதான் நினைத்தாள். ஆனால் தலை சாய்த்ததுதான் தெரியும்.

விழித்தபோது ஜன்னல் வெயில் சுவரின் மறுபக்கம் போயிருந்தது. மணி நாலரை! தூக்கிவாரிப் போட்டது. 'ஐயோ, ரெண்டு மணி... நாலு மணி...' தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் உள்ளறைக்கு ஓடினாள்.

மாமியார் இடப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முழங்காலுக்கு நடுவில் தலையணை கோணலாக, ஆனால் சரியான இடத்தில் இருந்தது. சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் துண்டு.

நாலு மணித் திருப்பல் தவறிப்போயிருந்தது. பெரியவள் பதறி முன்னால் வந்தாள்.

மாமியார் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். பிறகு ஒற்றை விரலைத் தூக்கி உதட்டின்மேல் வைத்தாள்.

பெரியவள் சத்தமில்லாமல் கட்டிலின் மறுபக்கம் போனாள். சின்னவளை எழுப்பாமல், தோளையும் இடுப்பையும் ஒன்றாகப் பிடித்து, மாமியாரை மெல்லத் தன் பக்கம் திருப்பினாள்.